மைக்குக்குத் தைத்த உறை

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துணி உறை இருக்கிறது. வெள்ளைத் துணியில் தைத்தது. இப்போது டீத்தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு நிறம். கைக்குழந்தையின் குல்லாயைவிடச் சின்னது. வாய்ப்பக்கம் நாடா கோத்து, இழுத்துக் கட்டுகிற மாதிரி இருக்கும். மருமகள் வந்த புதிதில் பெட்டியை ஒழித்தபோது காபி வடிகட்டி என்று நினைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். பேத்தி சின்னவளாக இருந்தபோது பொம்மையின் தலையில் மாட்டினாள். அதன் ஓரத்தில் சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. பூச்சி அரித்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம் அத்தை என்று மருமகள் சொன்னாள். பூச்சி இவ்வளவு வரிசையாக அரிக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதுவும் அஞ்சாவது வரை படித்த எழுத்துதான்.

எங்கள் ஊருக்குப் பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கித் தெற்கே நடக்க வேண்டும். இன்றைக்கு ஏரிக்கரை வரைக்கும் வீட்டுமனைகள். நான் சொல்வது அறுபதுகளில். அப்போது இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் வண்டிப்பாதை. ஊர் கிழக்கே, எங்கள் சேரி மேற்கே, குறுக்கே ஏரி வாய்க்கால். சேரியை இப்போது காலனி என்கிறோம். ஊர்ப்பக்கம் பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குள் ரேடியோவும், சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டியும், ஒரு மைக்கும். வெளியே இரும்புக் கம்பத்தின் உச்சியில் இரண்டு குழாய்கள், ஊமத்தம்பூ மாதிரி வாய் விரித்து. ஒன்று பெரிய தெருவைப் பார்த்து, இன்னொன்று கோயிலைப் பார்த்து. எங்களுக்கு அவற்றின் முதுகு. ஆனாலும் தை, மாசியில் சாயங்காலம் கிழக்கேயிருந்து கீழ்க்காற்று அடிக்கும்போது எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று வந்துவிட்டால் ரேடியோ எங்கள் வரைக்கும் வராது. காற்று இருந்தால் பாட்டு, இல்லாவிட்டால் தவளைச் சத்தம். அதை ஒரு குறையாக நாங்கள் யாரும் சொன்னதில்லை.

ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஊரில் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஆவடியில் மிலிட்டரி பக்கம் ஷிப்டு வேலையும் இருந்தது. சாயங்காலம் அவரால் நேரத்துக்கு வர முடியாது. அதனால் சாவி அவர் மனைவியின் இடுப்புக்குப் போனது. கொஞ்ச நாளில் அவரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ரேடியோக்காரம்மா என்றால்தான் தெரியும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பெரிய பொட்டு, நடக்கும்போது சாவிக்கொத்து அடிக்கிற சத்தம். பிள்ளைகள் பெரிதாகி, மாமியார் படுக்கையில் விழுந்து, சமையலறைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் இருந்த மனுஷி. சாயங்காலம் அந்த அறைக்கு வருவது ஒன்றுதான் அவள் தெருவைத் தாண்டி நடக்கிற நடை. அவள் வந்து பெட்டியை முடுக்கினால் முதலில் பாட்டு வராது. பெட்டி சூடாகிற வரைக்கும் ஊம் என்று ஒரு முனகல் கம்பத்திலிருந்து இறங்கும். அதைக் கேட்டதும் எங்கள் தெருவில் அடுப்பு மூட்டுவார்கள். அப்புறம் அவள் மைக்கில் ஊதுவாள், ஹூ, ஹூ என்று. அதற்கு அப்புறம்தான் பட்டணத்து ரேடியோ பேச ஆரம்பிக்கும். உரம், விதை, நெல் விலை, கச்சேரி, செய்தி.

கிராமத்துக்காரர்களுக்கான நிகழ்ச்சி முடிந்து செய்தி வருவதற்குள் கொஞ்ச நேரம் எங்களுக்குப் புரியாத ஏதாவது ஓடும். அந்த நேரத்துக்கு அவள் ரேடியோவைத் தணித்துவிட்டு மைக்கை எடுத்துக்கொள்வாள். பஞ்சாயத்து அறிவிப்பு சொல்லத்தான் அந்த மைக்கு. அவள் அதோடு நிறுத்தவில்லை. யார் வீட்டுக் கன்று அவிழ்த்துக்கொண்டு போயிற்று, அம்மை குத்துகிறவர்கள் எப்போது வருகிறார்கள், யார் வீட்டில் காதுகுத்து, எல்லாம் சொல்வாள். ரேஷன் கடைக்குச் சீமெண்ணெய் வந்தால் அதையும் சொல்வாள். அதற்கு முன்னால் பீப்பாய் வந்தது எங்களுக்குத் தெரியும்போது பீப்பாய் காலியாக உருண்டுகொண்டிருக்கும். அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு எங்கள் பெண்கள் வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு ஓடி வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் கோபமாக, "இன்னாம்மா, என் கடை சரக்க நீ தண்டோரா போடற?" என்று கேட்டாராம். "உன் கடையா? கவர்மெண்டு கடைன்னு போர்டு மாட்டிகினு கீறியே நைனா, அதைப் பாத்துச் சொல்ட்டேன்," என்றாளாம் அவள். அதற்கு அப்புறமும் சீமெண்ணெய் வருகிற ஒவ்வொரு தடவையும் கம்பம் பேசியது. பீப்பாய் உருண்டு வருகிற சத்தம் அவள் வீட்டு வாசலில்தான் முதலில் கேட்கும். கடைக்காரரால் ஒளிக்க முடியவில்லை.

பாட்டு எப்படி வந்தது என்றால், ஒருநாள் பட்டணத்து ரேடியோவில் யாரோ ஒரு அம்மாள் நடவுப்பாட்டு பாடினார்கள். பிடில் வைத்து, நிறுத்தி நிதானமாக. ரேடியோக்காரம்மா மைக்கிலேயே சொல்லிவிட்டாள்: "இந்தம்மா நாத்த நடறாங்களா, தூங்க வெக்கறாங்களா? இத்தவிட நம்ம ஊர்ல நல்லா பாடுவாளுங்க. வாங்கடி யார்னா." முதலில் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். கும்மி, தாலாட்டு, கல்யாணத்தில் சம்பந்தியைக் கிண்டல் செய்கிற பாட்டு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பாடியதில் பாதி கேட்காது. அப்புறம் அவள் என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள். அம்மாதான் எங்கள் நடவுக்கூட்டத்தில் முன்பாட்டுப் பாடுகிறவள். அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே நடுவார்கள்.

அந்த அறைக்குள் நாங்கள் வரக்கூடாது என்று போர்டு ஒன்றும் கிடையாது. போனதில்லை, அவ்வளவுதான். அம்மா வெளியே ஜன்னல் ஓரம் நின்றாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால். ரேடியோக்காரம்மா கம்பிகளுக்கு நடுவில் மைக்கை நீட்டினாள். அம்மா தொண்டையைச் செருமி ஒரு அடி பாடினாள். மேலே கம்பத்திலிருந்து ஒருத்தி அதையே பாடினாள். அம்மா சட்டென்று நிறுத்திவிட்டாள். மேலே இருக்கிறவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மேலேயும் பேச்சில்லை. மறுபடி ஆரம்பித்தாள், அவளும் ஆரம்பித்தாள். "இன்னாடி இவ, நான் வாயத் தொறந்தாதான் தொறக்கறா!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அதையும் கம்பம் ஊருக்கெல்லாம் சொன்னது. பெரிய தெருவில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் பழகிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. வயலில் பாடுகிற மாதிரியே ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துவாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவதற்காக. மைக்கில் யார் இருக்கிறார்கள் திருப்பிப் பாட? ஊரில் கேட்கிறவர்கள் பாட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அடுப்படியிலும் கிணற்றடியிலும் இருந்த எங்கள் பெண்கள் அந்த இடைவெளியில் பதில் அடியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது ஊருக்குக் கேட்காது. அம்மாவுக்கும் கேட்காது. அவள் சரியாக அந்த நேரம் காத்திருந்து அடுத்த அடியை எடுப்பாள். சில நாள் நான் அவளோடு போகாமல் வீட்டில் இருந்து கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் அரைத்துக்கொண்டே பதில் பாடுவாள். அம்மா தெருவிலேயே எங்கேயோ நிற்கிற மாதிரி இருக்கும்.

இனி உறைக்கு வருகிறேன். அம்மா பாட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், ஊர்ப் பெண்களில் சிலர், அவள் வாய் வைத்த இடத்தில் நாங்கள் வாய் வைக்க வேண்டுமா, எச்சில் தெறிக்காதா என்று கேட்டுவிட்டார்கள். ரேடியோக்காரம்மா சண்டை போடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு உறை தைத்தாள். மைக்கின் தலைக்கு மாட்டுகிற மாதிரி. ஒன்று வெறும் வெள்ளை. இன்னொன்றின் ஓரத்தில் சுற்றிலும் சிவப்பு நூல், கோணி ஊசியால் அடித்துத் தைத்தது. சிவப்பு நூல் போட்டது எங்களுக்கு. அம்மா ஜன்னலுக்கு வந்தால் வெள்ளையைக் கழற்றிச் சிவப்பு ஓரத்தை மாட்டி நீட்டுவாள். பாடி முடித்ததும் கழற்றிவிடுவாள். அம்மா வீட்டுக்கு வந்து, "மைக்குக்குக் கூட எனக்குன்னு ஒரு சட்டை தச்சுக்கீறாங்கடி," என்றாள். அது பெருமையா, வேறேதாவதா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. ரேடியோக்காரம்மாவை நல்லவள் என்று எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த நூலைத் தைத்தது அவள் கைதான்.

பஞ்சாயத்துத் தலைவருக்கு வயல் நிறைய. நடவு நடக்கும்போது வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா வயலில் அவரை வைத்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். வயலில் அது சகஜம், அவரும் கேட்டுக் கேட்காத மாதிரி இருப்பார். ஒருநாள் மைக்கில் அதையே எடுத்துவிட்டாள்.

கரைமேல குடைபுடிச்சு நிக்கறது யாரோ அது?
காலுல சேறுபட்டா கரைஞ்சுபோற ஆளோ அது?

அன்றைக்கு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பதில் அடியை எல்லாரும் கத்திப் பாடினார்கள். அந்தப் பக்கமும் பெரிய தெருவில் சிரிப்பு. தலைவரும் சிரித்தாராம். "நல்லாத்தான் பாடறா," என்று சொல்லிவிட்டு, மறுநாள் ரேடியோக்காரம்மாவின் புருஷனைக் கூப்பிட்டு, அறிவிப்பு வேண்டுமானால் சொல்லட்டும், பாட்டைக் குறைத்துக்கொள்ளச் சொல் என்றாராம். அவரும் பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் குறைக்கவில்லை. சாவி எப்போது கைவிட்டுப் போகும் என்று அவள் அன்றிலிருந்தே எதிர்பார்த்திருக்க வேண்டும். புருஷன்காரர் வாசலில் யார் நிழல் தெரிந்தாலும் எழுந்து நிற்கிற ஆள். அவருக்குத்தான் பயம் ஜாஸ்தி.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது செத்துப்போனால், பிணம் எடுக்கிற வரைக்கும் ரேடியோ போட மாட்டார்கள். அது தலைவர் வைத்த சட்டம், எல்லாரும் ஒத்துக்கொண்டது. எதிரி வீட்டுச் சாவாக இருந்தாலும் கம்பம் வாயை மூடிக்கொள்ளும். சாயங்காலம் அந்த முனகல் கேட்காவிட்டால், ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று நாங்கள் இங்கேயிருந்தே தெரிந்துகொள்வோம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அந்த வழக்கம் கிடையாது. பறை ஒரு பக்கம் அடிக்கும், கம்பத்திலிருந்து சினிமாப் பாட்டு ஒரு பக்கம் வரும். என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரோ காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. மழை பெய்வதைத் தப்பு என்று யார் சொல்வார்கள்?

அம்மா ஒரு மாசி மாசத்தில் போனாள். நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தது. காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அரக்கோணம் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்துதான் எடுக்க வேண்டும், மறுநாள் காலை ஆகும் என்றார்கள். வாசலில் கிடத்தியிருந்தோம். சாயங்காலம் கீழ்க்காற்று நன்றாக அடித்தது. நாங்கள் அழுதுகொண்டிருந்தாலும் எல்லாருடைய காதும் தன்னால் கிழக்குப் பக்கம் போனது. அந்த நேரத்துக்கு அப்படிப் பழகிய காது. முனகல் வரவில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. ஊதுகிற சத்தமும் வரவில்லை. கரண்டு போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் மாவு மில்லில் விளக்கு எரிவது தெரிந்தது. ஊரில் யாராவது போய்விட்டார்களோ என்று ஒருத்தி கேட்டாள். பறை அடிக்கிறவர்கள் கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு அமைதியை எங்கள் தெருவில் நான் கேட்டதில்லை. அம்மா ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துகிற இடம் மாதிரி இருந்தது. ஆனால் என்ன பதில் பாடுவது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலைவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை. சாவு வீட்டில் இருந்தாலும் மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். அவள் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னதுதான் இது. எங்கள் தெருவில் இதை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறோம், ஆனால் முதலில் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம். ரேடியோ அறை பூட்டியிருக்கிறது. ரேடியோக்காரம்மா அதன் முன்னால் நிற்கிறாள், பக்கத்தில் புருஷன். தலைவர் வந்து, "இன்னாம்மா, இன்னும் போடல? யார்னா செத்துப் பூட்டாங்களா? நம்ம தெருவுல ஒண்ணும் கேள்விப்படலியே," என்றாராம்.

புருஷன்காரர் முந்திக்கொண்டு, "பீசு பூட்ச்சி அண்ணாத்தே. காலைல ஒயர்மேனை இட்டாந்து பாத்துடறேன்," என்றார். அவ்வளவுதான், எல்லாருக்கும் நிம்மதி. பீசுதானே என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். அவளும் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அம்மாவுக்கும் அந்த ஒரு சாயங்காலம் கிடைத்திருக்கும், அவளுக்குச் சாவியும் மிஞ்சியிருக்கும்.

அவள், "பீசு போவல," என்றாள். "எல்லாம் நல்லாத்தான் கீது. நான்தான் போடல. ஊர்ல சாவு வுழுந்தா போடக்கூடாதுன்னு நீங்கதான மாமா வெச்சீங்க?"

"எந்த ஊர்ல? யாரு செத்தா?"

"பாட்டுக்காரி."

"அது சேரிம்மா."

"எலெக்சன் அப்ப இதே மைக்குல, நம்ம ஊரு தாய்மாருங்களேன்னு பேசினீங்க. அவங்களுக்குக் கேக்கணும்னு குழாய சேரிப் பக்கம் திருப்பச் சொன்னீங்க. தோ, இவருதான் ஏணி வெச்சு ஏறித் திருப்பனாரு. ஓட்டுப் போட்ட மறுநா மறுபடியும் ஏறினாரு. அப்ப ஊரா இருந்துச்சி, இப்ப சேரியா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, இருமுகிற மாதிரி ஆக்கிக்கொண்டார்களாம். தலைவர் சத்தம் போடவில்லை. கையை நீட்டி, "சாவியக் குடு," என்றார். அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்து, கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். கழற்ற வரவில்லை, பல்லால் வளையத்தை விரித்தாள் என்று அக்கா சொன்னாள். தலைவர் சாவியை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றார். திறந்து போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு ஆயா, கும்மிப்பாட்டு எல்லாம் பாடுகிறவள், அம்மாவின் எச்சிலைப் பற்றி முதலில் பேசியவளும் அவள்தான், "வுடு நைனா, ஒரு நாளிக்குப் பாட்டு கேக்கலன்னா காது ஒண்ணும் அழுவிப் பூடாது. போய் துன்னுட்டுப் படு," என்றாள். தலைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க ரேடியோ பாடவில்லை. அண்ணன் வந்து, காலையில் எடுத்தோம். அன்று சாயங்காலம் முனகல் கேட்டது. ஊதுகிற சத்தம் மட்டும் இல்லை. தலைவரின் மச்சான் கையில் சாவி போய்விட்டது. அவன் ரேடியோவைப் போடுவான், நிறுத்துவான். கன்று காணாமல் போன சேதியும் இல்லை, சீமெண்ணெய் வந்த சேதியும் இல்லை, பாட்டும் இல்லை. எங்கள் பெண்கள் மறுபடியும் காலிப் பீப்பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ரேடியோக்காரம்மா வீட்டுக்குள் போனவள், சாயங்காலத்தில் வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். அவளோடு ரொம்ப நாள் தெருவில் யாரும் பேசவில்லை, புருஷன்காரர் கூட அளந்துதான் பேசினார் என்று அக்கா சொன்னாள். அந்த அறை அவளுக்கு எவ்வளவு பெரிய இடம் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் கல்யாணமாகி ஒரு சமையலறையில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்து எங்கள் தெருவில் ஒரு கிழவர் செத்துப்போனார். சாயங்காலம் தலைவரின் மச்சான் வாய்க்கால் மேட்டுக்கு வந்து நின்று, "இன்னாப்பா, ரேடியோ போடலாமா வேணாமா?" என்று கேட்டான். எங்கள் பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், "எப்பவும் போடறதுதான? இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். போய்ப் போட்டான், சத்தத்தைப் பாதியாகக் குறைத்து. அதற்கப்புறம் எங்கள் சாவுக்கெல்லாம் அப்படித்தான் நடந்தது, பாதிச் சத்தம். எங்கள் தெருவில் சிலர் அதைப் பெரிய மரியாதை என்றார்கள். சிலர் காறித் துப்பினார்கள். நான் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளில் எங்கள் தெருப் பெண்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைக்க ஆரம்பித்தது. நான் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ பொறுக்கிப் பெட்டியில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன். ஒருநாள் அங்கே பெஞ்சியில் ரேடியோக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மகளை அம்பத்தூரில் கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்து, "பாட்டுக்காரி பொண்ணா நீ? நிக்கறியே, குந்து," என்று இடம் விட்டாள். நான் பெஞ்சி நுனியில் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் என் கண் போனது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ.

"நீ பாடுவியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "உங்கம்மா இருந்தா இந்த ரயிலு சத்தத்துக்கும் ஒரு பாட்டு கட்டியிருப்பா," என்றாள். ரயில் தாமதம். அவளே பேசிக்கொண்டிருந்தாள். உறையைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். தைத்துக் கொஞ்ச நாளிலேயே அந்தச் சிவப்பு நூலைப் பிரித்துவிட்டாளாம். துவைத்தால் சாயம் போய் வெள்ளையில் ஒட்டுகிறது என்று சாக்கு. கேட்கிறவர்கள் யாரும் இல்லை, சாக்கு அவளுக்கே சொல்லிக்கொண்டதுதான். அப்புறம் இரண்டையும் ஒன்றாக நனைத்து, ஒரே கொடியில் காயப்போட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் பையில் போடுவாளாம். உள்ளே திரும்பி நின்று கழற்றுகிற மாதிரி கழற்றுவாள், மாட்டுகிற மாதிரி மாட்டுவாள். "ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேரு உங்கம்மா உறையிலதாண்டி பாடினாளுங்க. அந்தக் கும்மி ஆயா சேர்த்துதான். ஒருத்தி வாயாவது வெந்து போச்சா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம், "முதல்ல தச்சேன் பாரு, அதுதான் எனக்கு மனசு ஆறல," என்றாள். அம்மாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். அவளோடு நான் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "எனக்குத் தெரியல பொண்ணே. நான் சொல்லல. சொல்லியிருக்கலாம்," என்றாள். ரயில் வந்துவிட்டது.

அடுத்த தடவை ஸ்டேஷனில் பார்த்தபோது கைக்குட்டையில் சுற்றி உறையைக் கொடுத்தாள். சாவியையும் மைக்கையும் கேட்டார்களே தவிர, உறையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லையாம்.

அவள் போனது எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாசம். அதற்குள் பஞ்சாயத்து ரேடியோ கெட்டுப்போய், கம்பத்தில் ஒரு குழாய்தான் இருந்தது, அதிலும் காக்கை கூடு கட்டியிருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துவிட்டது. எங்கள் பக்கமும் வேலைக்குப் போகிற பெண்கள் டிரான்சிஸ்டர் வாங்கியிருந்தார்கள், என்னிடமும் ஒன்று இருந்தது. அவள் போன சேதி காலையிலேயே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் எடுக்கிறார்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, வழக்கம் போல என் கை ரேடியோவுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலும் சத்தமில்லை. எதிர்வீட்டில் புதிதாக வந்த மருமகள் போட்டாள், உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது, அணைத்துவிட்டாள். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது. கீழ்க்காற்று நன்றாக அடித்தது. ஊர்ப்பக்கத்திலிருந்து வீட்டுக்கு வீடு ரேடியோ பாடுவது அதில் வந்துகொண்டிருந்தது. பெரிய தெருவில் அவள் கிடத்தியிருக்கிற வீட்டைச் சுற்றி நாலு வீடு வேண்டுமானால் நிறுத்தியிருக்கலாம். மற்றதெல்லாம் பாடியது. வழக்கத்தைக் காப்பாற்றக் கம்பம் இல்லை, அவரவர் ரேடியோ அவரவர் இஷ்டம். நாங்கள் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் மகன் வீட்டில் இருக்கிறேன். குத்தம்பாக்கத்தில் புதிய பஸ் ஸ்டாண்டு கட்டியிருக்கிறார்கள். பேத்தி என்னை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கூரையெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகள், எல்லாப் பக்கமும் பார்த்த மாதிரி. எங்கே நின்றாலும் ஒரே அளவு சத்தம், காற்றுக்கு வேலையே இல்லை. ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தியது. அந்த இடைவெளியில் நான் தன்னால் மூச்சை இழுத்துக்கொண்டேன். பேத்தி, "இன்னா ஆயா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாடா இற்றுவிட்டது. துணி நைந்து கை தெரிகிறது. அந்த நூலைப் பிரித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அவளும் துவைத்திருக்கிறாள், நானும் எத்தனையோ தடவை துவைத்துவிட்டேன். ஊசி போன துளை இன்னும் மூடவில்லை.